ஈரலுக்குக் காவல் யார்?

போன மாதம் ஒரு நாள் காலையில் சித்தப்பா போன் செய்தார். வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்திருக்கிறார். வலிக்கான காரணம் எதுவும் அகப்படவில்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று போட்டிருந்ததாம். “ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம்ப்பா. லிவரைக் காப்பாத்துறது புரதம்தான்னு யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு. அதான் புரோட்டீன் பவுடர் ஒரு டப்பா வாங்கிட்டேன். காலையில பால்ல கலந்து குடிக்கலாம்ல?” என்றார்.

அந்த யூடியூப்காரர் சொன்னது பொய் இல்லை. கல்லீரலைக் காக்கும் புரதங்கள் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் அவை டப்பாவில் வருவதில்லை. கல்லீரல் செல் தன் தேவைக்குத் தனக்குள்ளேயே செய்துகொள்பவை அவை. பருப்போ முட்டையோ பவுடரோ, எதைச் சாப்பிட்டாலும் அதிலுள்ள புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்துக்குள் போகிறது. அது லாரியில் வந்து இறங்கும் செங்கல் மாதிரி. அந்தச் செங்கல்லில் மதில் எழுப்புவதா, கிணற்றுக்கு உறை கட்டுவதா என்பதைச் செல்லுக்குள் இருக்கும் மரபணுக்கள்தான் முடிவு செய்யும். செங்கல்லைக் கூடுதலாக இறக்கினால் மதில் தானாக உயராது.

சித்தப்பாவிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் பொறுமையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஐந்து சதவீதம்

வளர்ந்த ஒருவரின் கல்லீரல் ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கும். அதில் நூறு செல்லுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறார்கள். ஊசி விட்டு எடுத்த ஈரல் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இளஞ்சிவப்பு செல்களுக்கு நடுவே வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகள் தெரியும். அந்த ஓட்டைகள்தான் கொழுப்பு. சரியாகச் சொன்னால், கொழுப்பு இருந்த இடம். ஸ்லைடு தயாரிக்கும்போது பயன்படுத்தும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடுவதால் வெறும் ஓட்டைதான் மிஞ்சும். துளி பெரிதாக இருந்தால் செல்லின் நியூக்ளியஸ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்தால் நாம் ஜன்னலோரம் ஒடுங்குவோமே, அந்த மாதிரி.

குடிப்பவர்களுக்கு இப்படி ஆகும் என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். குடிக்காதவர்களுக்கும் அதே மாதிரி ஈரல் கெடுகிறது என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் குழுவினர் 1980-இல் எழுதி, அதற்குத் தனிப்பெயரும் வைத்தார்கள். பல வருடம் ‘மது சாராத கொழுப்புக் கல்லீரல்’ என்று வழங்கிய இந்த நோய்க்கு 2023-இல் பெயரை மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறால் வருவது என்ற பொருளில் புதுப்பெயர் கொடுத்தார்கள். எது இல்லை என்பதைப் பெயராக வைப்பதைவிட எதனால் வருகிறது என்று சொல்வது மேல்தானே. இந்திய அரசு 2021-இல் இதைச் சர்க்கரை, இதயநோய், புற்றுநோய்க்கான தேசியத் திட்டத்தோடு சேர்த்தபோது, நாட்டு மக்களில் 9 முதல் 32 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று சொன்னது. ஆகவே சித்தப்பா தனி ஆள் இல்லை.

தமிழில் ‘கொழுப்பு’ என்ற சொல்லுக்கே நல்ல பெயர் கிடையாது. கொழுப்பெடுத்தவன் என்றால் திமிர் பிடித்தவன். அதனாலோ என்னவோ, ஈரலில் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்ததும் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டது போல ஆகிவிடுகிறார்கள். உடனே வீட்டில் எண்ணெய்ச் சட்டியை ஒளித்து வைப்பார்கள். ஆனால் ஈரலில் சேரும் கொழுப்பில் எவ்வளவு நேரடியாக எண்ணெய்ச் சட்டியிலிருந்து வருகிறது என்று 2005-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய நோயாளிக் குழுவிடம் அளந்து பார்த்தார்கள். அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொடுத்து, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பின்தொடர்ந்தார்கள். ஈரலில் இருந்த கொழுப்பில் 59 சதவீதம், ரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்கள். அதாவது பெரும்பாலும் உடம்பின் மற்ற இடங்களில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பு கசிந்து வந்தது. 26 சதவீதம், மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வைத்து ஈரலே புதிதாகத் தயாரித்தது. உணவிலிருந்த கொழுப்பு 15 சதவீதம்தான்.

துளி நல்லது, உதிரி கெட்டது

இங்கேதான் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் விஷயம் வருகிறது. மைக்ராஸ்கோப்பில் தெரிகிற அந்தக் கொழுப்புத் துளி ஓரளவுக்குப் பாதுகாப்பான ஏற்பாடு. ஆபத்து, துளியில் சேராமல் உதிரியாகத் திரியும் கொழுப்பு அமிலங்களால்தான்.

ஏன் என்று புரிய குளியலறைக்குப் போனால் போதும். நாம் தேய்க்கும் சோப்பு, அடிப்படையில் கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்புப் பொருளால் ஆனதுதான். அதனால் செல்லுக்குள் உதிரிக் கொழுப்பு அமிலம் அளவுக்கு மீறினால் சவ்வுகளிடம் அது சோப்பு வேலையைக் காட்டத் தொடங்கிவிடும். அப்புறம் செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா திணறும், புரதங்கள் ஒழுங்காக மடியாமல் தேங்கும், வீக்கம் வரும், செல் சாகும். செத்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு கூடிக்கொண்டே போனால் ஈரல் இறுகிப்போகும் சிரோசிஸ்.

ஆகவே காவல் புரதங்களின் முதல் வேலை, உதிரியைப் பிடித்துக் கட்டி வைப்பது. எஃப்ஏபிபி1 என்று ஒரு சின்னப் புரதம் உண்டு. கல்லீரல் செல்லின் திரவத்தில் மிக ஏராளமாக இருப்பவற்றில் ஒன்று. கொழுப்பு அமிலத்தைத் தன் மடிக்குள் வைத்துக்கொண்டு, போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அடுத்து, மூன்று கொழுப்பு அமிலங்களை ஒரு கிளிசரால் துண்டில் சேர்த்து டிரைகிளிசரைடு ஆக்குவதற்குச் சில நொதிகள். நொதிகளும் புரதங்கள்தான். அந்தக் கடைசி முடிச்சைப் போடுவது டிஜிஏடி2. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ள எலிகளுக்கு இந்த டிஜிஏடி2-வை முடக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடியே ஈரலில் கொழுப்பு குறைந்தது. ஆனால் ஈரலின் காயமும் தழும்பும் அதிகமாயின. மூட்டை கட்டுவதை நிறுத்தியதால் சரக்கு தெருவில் சிதறிய கதை. ஸ்கேனில் கொழுப்பு குறைவாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஈரல் பிழைத்தது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கட்டிய மூட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. பெரிலிப்பின் என்ற புரதக் குடும்பம் துளியின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு, கொழுப்பை உடைக்கும் நொதிகள் எப்போது உள்ளே வரலாம், எப்போது வரக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட குடோன் வாட்ச்மேன் வேலை. இவர்களில் ஒருவரான பெரிலிப்பின் 5, துளியை மைட்டோகாண்ட்ரியாவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. எரிக்க வேண்டிய நேரத்தில் விறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

வெளியே அனுப்பும் வழி

குடோனில் எவ்வளவு நாள் அடுக்கி வைக்க முடியும்? ஈரல் தன் கொழுப்பை ரத்தத்தின் வழியாக மற்ற உறுப்புகளுக்கு அனுப்பிவிடப் பார்க்கிறது. ஆனால் ரத்தம் தண்ணீர் சார்ந்தது. குழம்பு கொதித்து இறக்கியதும் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்குமே, அதே சிக்கல். அதற்காக ஈரல் ஒரு பொட்டலம் கட்டுகிறது. நடுவில் கொழுப்பு, வெளியே தண்ணீரோடு ஒத்துப்போகும் மெல்லிய தோல், அதைச் சுற்றி ஏப்போ-பி என்ற ஒரே ஒரு நீளமான புரதம். 4,536 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. நம் உடம்பின் பெரிய புரதங்களில் ஒன்று. ஒரு பொட்டலத்துக்கு ஒரு மாலை, அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனைத் தாளில் விஎல்டிஎல் என்று வருவது இந்தப் பொட்டலம்தான்.

இந்த மாலையில் கொழுப்பை ஏற்றிக் கொடுக்க இன்னொரு புரதம் வேண்டும். பிறவியிலேயே அந்த ஏற்றும் புரதம் வேலை செய்யாத சிலர் உண்டு. அவர்கள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகமிகக் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுப்ப வழி இல்லாத கொழுப்பு அவர்கள் ஈரலிலேயே தேங்கிவிடுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க இந்தப் புரதத்தையே தடுக்கும் லோமிடபைடு என்ற மருந்து வந்தபோதும் இதே பக்கவிளைவு வந்தது.

சித்தப்பா சொன்னதில் உள்ள அரை உண்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற ஜமைக்கா மருத்துவர் வேலை பார்த்தார். கால் வீங்கி, முடி நிறம் மாறி, வயிறு உப்பிய குழந்தைகளைப் பார்த்தார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நின்று, சோள மாவுக் கஞ்சியிலேயே வளர்ந்த குழந்தைகள். அங்கே பேசும் ‘கா’ என்ற மொழியில் அதற்கு ‘குவாஷியோர்கர்’ என்று பெயர். தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்று பொருள். இறந்த குழந்தைகளின் ஈரலைப் பார்த்தால் கொழுப்பு நிரம்பியிருந்தது. சத்தில்லாமல் வாடிய பிள்ளைக்கு ஈரலில் கொழுப்பு! உணவில் புரதம் இல்லாததால் ஏப்போ-பி போன்றவற்றைப் போதிய அளவு தயாரிக்க முடியாமல், கொழுப்பு வெளியேறும் வழி அடைபட்டது என்பது இதற்கு நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம்.

அதே பத்தாண்டில் கனடாவின் டொராண்டோவில், இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்ட் இன்னொரு வழியில் இதே வாசலுக்கு வந்தார். கணையம் நீக்கிய நாய்களை இன்சுலின் போட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். அவற்றுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்தது. லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைக் கொடுத்தபோது சரியானது. அதற்குள்ளிருந்த கோலின் என்ற சத்துதான் காரணம் என்று பெஸ்ட்டின் குழு பிறகு காட்டியது. பொட்டலத்தின் மெல்லிய தோலைச் செய்ய கோலின் தேவை. முட்டை மஞ்சள் கருவில் அது நிறைய இருக்கிறது. மாலை இருந்தும் தோல் இல்லாவிட்டால் பொட்டலம் கட்ட முடியாது.

ஆக, புரதமே இல்லாமல் பட்டினி கிடந்தால் ஈரல் கொழுப்படையும் என்பது நிஜம். ஆனால் மூன்று வேளை சாப்பிட்டு, தொப்பையும் வைத்திருக்கும் ஒருவருக்குக் குறை அதுவல்ல. அவருடைய ஈரல் பொட்டலங்களை ஏற்கெனவே வழக்கத்தைவிட அதிகமாகத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு எகிறி நிற்பது அதனால்தான். வரத்து அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே அனுப்புவது தவிர, உள்ளேயே எரித்துவிடவும் வழி உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் சிபிடி1 என்ற புரதம் நிற்கிறது. நீளமான கொழுப்பு அமிலங்கள் இதைத் தாண்டித்தான் அடுப்புக்குள் போக முடியும். வேடிக்கை என்னவென்றால், ஈரல் புதிதாகக் கொழுப்புத் தயாரிக்கும்போது உருவாகும் ஓர் இடைப்பொருள் இந்த வாசலை மூடிவிடுகிறது. மூட்டை கட்டும் வேலையும் விறகாக எரிக்கும் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாது என்று செல் வைத்திருக்கும் ஒழுங்கு அது. நியாயமான ஒழுங்குதான். ஆனால் காலையில் இனிப்புக் காபி, பதினொரு மணிக்கு பிஸ்கெட், மதியம் சோறு, நாலு மணிக்குப் பஜ்ஜியும் டீயும், ராத்திரி பரோட்டா என்று நாள் முழுக்க, கொழுப்புத் தயாரிக்கச் சொல்லும் இன்சுலின் ஏறியே இருந்தால் அந்த வாசல் திறக்க நேரமே வாய்க்காது.

விரதமோ நீண்ட இடைவெளியோ வந்தால் பிபிஏஆர் ஆல்ஃபா என்ற புரதம் விழித்துக்கொண்டு, எரிக்கும் மரபணுக்களை வரிசையாக முடுக்கும். பழைய துளிகளைச் செல் தானே விழுங்கிச் செரிக்கும் வழியும் இருக்கிறது. செல் தன்னைத் தானே உண்ணும் இந்த முறையை ஆராய்ந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பெற்றார். ஈரல் செல் கொழுப்புத் துளிகளையும் இப்படி உண்ணும் என்று 2009-இல் காட்டினார்கள். கொழுப்பு எரியும்போது வரும் நச்சுப் புகையைச் சமாளிக்க என்ஆர்எஃப்2 இருக்கிறது. சாதாரண நாளில் இதை இன்னொரு புரதம் பிடித்துவைத்து அழித்துக்கொண்டே இருக்கும். நெருக்கடி வந்தால் பிடி தளர்ந்து, என்ஆர்எஃப்2 நியூக்ளியஸுக்குள் போய்த் தீயணைப்பு வேலைக்கான மரபணுக்களைத் திறந்துவிடும்.

நகராமல் நிற்கும் ஒருவன்

இதுவரை சொன்னதைப் பார்த்தால் காவல் புரதம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெடுதல் என்று தோன்றும். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அந்த எளிய கணக்கு கலைந்துபோனது.

அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு பெரிய இதய ஆய்வு நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் ஈரல் கொழுப்பைக் காந்தப்புலத்தைப் பயன்படுத்தும் எம்ஆர் முறையில் அளந்து வைத்திருந்தார்கள். ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர், புரதத்தை மாற்றக்கூடிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளை அந்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2008-இல் ஒன்று பளிச்சென்று தனியாக நின்றது. பிஎன்பிஎல்ஏ3 என்ற புரதம். மொத்தம் 481 அமினோ அமிலங்கள். அதில் 148-ஆவது இடத்தில் ஐசோலூசின் இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே மெத்தியோனின் இருக்கிறது. டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட ஈரலில் இரு மடங்குக்கும் மேல் கொழுப்பு இருந்தது. ஆய்வில் இருந்த ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களிடம் இந்த மாறிய வடிவம் 49 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 23, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் 17. கொழுப்புக் கல்லீரல் யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்ற வரிசையும் அதேதான்.

சரி, காவல்காரன் பழுதாகிவிட்டான், அதனால்தான் கொழுப்பு சேர்கிறது என்று முதலில் நினைத்தார்கள். அப்படியானால் அந்தப் புரதமே இல்லாத எலிக்கு ஈரல் கொழுத்துப் போக வேண்டும் அல்லவா? செய்து பார்த்தார்கள். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரல் சாதாரணமாகவே இருந்தது. மாறிய வடிவத்தை வைத்து, சர்க்கரை நிறைந்த தீனி கொடுத்தபோதுதான் கொழுப்பு ஏறியது.

அப்புறம்தான் விஷயம் விளங்கத் தொடங்கியது. இயல்பான பிஎன்பிஎல்ஏ3, வேலை முடிந்ததும் செல்லால் குறிவைக்கப்பட்டு அழிக்கப்படும். மாறிய வடிவம் அந்த அழிப்பிலிருந்து தப்பிவிடுகிறது. கொழுப்புத் துளியின் மேல் படிந்து, அங்கேயே குவிந்துகொண்டு போகிறது. கொழுப்பை உடைக்கும் முக்கிய நொதிக்கு ஒரு துணைப் புரதம் தேவை. அந்தத் துணையையும் இது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக இவன் வேலைக்கு வராத காவல்காரன் இல்லை. ரிட்டயர் ஆன பிறகும் நாற்காலியை விடாமல், சாவிக்கொத்தையும் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்தவரை வேலை செய்ய விடாதவன். ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. இந்தப் புரதத்தை எவ்வளவு தயாரிப்பது என்பதைச் சாப்பாடும் இன்சுலினும் தீர்மானிக்கின்றன. மாவுச்சத்து கூடினால் தயாரிப்பு கூடும். மாறிய வடிவம் உள்ளவருக்கு அப்படிக் கூடியது அழியாமல் சேரும். அதே ஆட்கள் எடையைக் குறைத்தால் ஈரல் கொழுப்பு நன்றாகவே இறங்குகிறது. மரபணுவைக் கொண்டு வந்திருந்தாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

பழுதானால் நன்மை

2018-இல் இன்னும் விசித்திரமான ஒன்று வந்தது. அமெரிக்காவில் 46,544 பேரின் மரபணு வரிசையை ஆராய்ந்ததில், ஹெச்எஸ்டி17பி13 என்ற புரதம் பழுதாக இருப்பவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாக இருந்தது. இதுவும் துளியின் மேல் உட்காரும் புரதம்தான். மரபணுவில் ஓர் எழுத்து கூடுதலாகச் செருகப்பட்டதால், பாதியில் வெட்டுப்பட்டு நிலைக்க முடியாத புரதமாக வெளிவருகிறது. பழுதான பிரதி ஒன்று இருந்தால் மதுவால் வரும் கல்லீரல் நோயின் அபாயம் 42 சதவீதம் குறைவு, இரண்டு இருந்தால் 53 சதவீதம் குறைவு. மது சாராத நோயில் முறையே 17, 30 சதவீதம் குறைவு.

இதில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி வேறு. இவர்களின் ஈரலில் கொழுப்பு குறைவாக இல்லை. கொழுப்பு எல்லோரையும் போலத்தான் இருந்தது. அந்தக் கொழுப்பு வீக்கமாகவும் காயமாகவும் மாறுவதுதான் குறைந்திருந்தது. முன்பு பார்த்த டிஜிஏடி2 எலிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கொழுப்பு குறைந்தும் காயம் கூடியது. இங்கே கொழுப்பு இருந்தும் காயம் குறைந்தது. இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. எவ்வளவு கொழுப்பு என்பதைவிட, அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது ஈரலுக்கு முக்கியம்.

டிஎம்6எஸ்எஃப்2 என்று மூன்றாவதாக ஒன்று. பொட்டலத்தில் கொழுப்பை ஏற்றி வெளியே அனுப்ப உதவும் புரதம் இது. 2014-இல் இதன் பழுதான வடிவம் அடையாளம் காணப்பட்டது. அது உள்ளவர்களுக்கு ஈரலில் கொழுப்பு அதிகம். ஆனால் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவு, மாரடைப்பு அபாயமும் குறைவு. வெளியே போகாத கொழுப்பு ரத்தக் குழாயில் படிய முடியாதே. அப்படியானால் பழுதாகாத டிஎம்6எஸ்எஃப்2 காவல் புரதமா, இல்லையா? ஈரலைக் கேட்டால் ஆமாம் என்னும். இதயத்தைக் கேட்டால் வேறு பதில் வரும். ‘பாதுகாப்புப் புரதம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து

இந்த அறிவில் கொஞ்சம் மாத்திரையாகவும் ஊசியாகவும் மாறியிருக்கிறது. இந்த நோய்க்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக அனுமதித்தது ரெஸ்மெடிரோம், 2024 மார்ச்சில். ஈரலில் தைராய்டு ஹார்மோனுக்கென்று இருக்கும் பீட்டா வகை ஏற்பிப் புரதத்தைத் தூண்டி, கொழுப்பை எரிக்கச் சொல்கிறது. இதயத்தில் முக்கியமாக இருப்பது ஆல்ஃபா வகை, அதை அவ்வளவாகத் தொடாது. 2025 ஆகஸ்டில் செமாகுளுடைடு ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. அது பெரும்பாலும் பசியையும் எடையையும் குறைத்து, ஈரலுக்கு வரும் சரக்கைக் குறைக்கிறது. இந்தியாவில் அதற்கு முன்பே, 2020-இல், சரோக்ளிடசார் என்ற உள்நாட்டு மருந்துக்கு இந்த நோய்க்காக அனுமதி தரப்பட்டது. முன்பு சொன்ன பிபிஏஆர் குடும்பத்தை முடுக்கும் மருந்து அது. மூன்றுமே மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. கிரேடு 1 என்று ரிப்போர்ட் வந்த உடனே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குபவை அல்ல.

எஃப்ஜிஎஃப்21 என்று ஈரலே சுரக்கும் ஒரு ஹார்மோன் புரதமும் உண்டு. கொழுப்பை எரிக்கவும், இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் உதவுவது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் ரத்தத்தில் இது குறைவாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அதிகமாகவே இருக்கிறது. ஈரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, உடம்புக்குக் காது மந்தமாகிவிட்டது. இயற்கையான எஃப்ஜிஎஃப்21 ரத்தத்தில் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதனால் நாள்கணக்கில் நிற்கும்படி மாற்றி வடிவமைத்து ஊசியாகப் பரிசோதித்து வருகிறார்கள்.

சித்தப்பாவுக்குச் சொன்னது

மருந்தில்லாமல் இந்தப் புரதங்களை நம் பக்கம் திருப்ப முடியுமா என்றால், முடியும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் வீக்கம் தணியும். பத்தைத் தாண்டினால் தழும்புகூடப் பலருக்குக் குறைகிறது. சித்தப்பா 78 கிலோ. அவருக்கு முதல் இலக்கு நான்கு கிலோதான். உடற்பயிற்சி செய்யும்போது ஏஎம்பிகே என்ற புரதம் விழித்து, கொழுப்புத் தயாரிப்பை நிறுத்தி, அந்தச் சிபிடி1 வாசலைத் திறந்துவிடுகிறது. அதனால் எடை அவ்வளவாக இறங்காவிட்டாலும் நடப்பதில் ஈரலுக்கு லாபம் உண்டு. எண்ணெய்ச் சட்டியை ஒளிப்பதைவிட, காபியில் போடும் சர்க்கரையையும் பாட்டில் ஜூஸையும் முதலில் ஒளிக்கலாம். ஈரல் புதிதாகச் செய்யும் அந்த 26 சதவீதத்துக்கு மூலப்பொருள் அங்கிருந்துதான் போகிறது.

“அந்த ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாத்துரட்டுமா?” என்று கேட்டார். வழக்கமான சிகிச்சைக்கு அது தேவைப்படுவதில்லை, எந்த விடை வந்தாலும் டாக்டர் சொல்லப்போவது இதேதான் என்றேன். அதைவிட, தழும்பு விழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி அளவுகள், பிளேட்லெட் எண்ணிக்கை நான்கையும் வைத்துப் போடும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதில் சந்தேகம் வந்தால் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பார்கள். ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று வலியில்லாமல் அளந்து சொல்லும் கருவி.

எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், “அப்போ இந்தப் பவுடரை என்னப்பா பண்றது?” என்றார். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார். சாக்லேட் சுவை. சேர்மானத்தில் இரண்டாவது பெயர் சர்க்கரை. பில் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் சித்தப்பா என்றேன்.

நேற்றே திறந்துவிட்டாராம்.